பிடிபட்ட பிறகு நீளும் கை

எங்கள் மாப்பிள்ளை ரக்பி லீக் ஆடினான் என்றால் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவனை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். சிரிப்பதென்றால் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கு யாருக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவன். கல்யாணத்துக்கு முன்பே அவனும் நானும் ஒரே கபடி டீம். நான் ஓரத்தில் நின்று கால் பிடிக்கிறவன். அவன் பாடிப் போகிறவன். வேகம் சுமார்தான், உயரமும் சுமார்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு சொத்து. நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் அவன் கை மட்டும் தனியாக நடுக்கோட்டைத் தேடிப் போகும். கபடியில் பிடிபட்டவன் மூச்சு விடுவதற்குள் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் அவனைப் பிடித்த அத்தனை பேரும் அவுட். இவன் முகம் மண்ணில் புதைந்திருக்கும், கண் தெரியாது, ஆனாலும் விரல் நுனி கோட்டில் இருக்கும். அவனைப் பிடிப்பது பெரிய காரியம் இல்லை, பிடித்த பிறகுதான் வேலையே என்று மற்ற டீம்காரர்கள் சொல்வார்கள்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தான். விளையாட்டுக் கோட்டாவில் ஓர் அரசு வேலை. அல்சூரில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாநில அளவில் ஆடிய கபடி சர்டிபிகேட் பீரோவில் இருந்தது. எந்தத் துறை எப்போது ஆள் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. எடுக்கும்போது வயது வரம்புக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு இரண்டு பிறந்தநாள் மிச்சம் இருந்தது. என் தங்கை விவேக் நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவர்கள் வீட்டில் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் 'வேலை கிடைக்கட்டும்' என்றுதான் முடியும். வீடு மாறுவது, அவளுடைய பல்லைச் சரிசெய்வது, குழந்தை பெற்றுக்கொள்வது, எல்லாம் அந்த வேலைக்கு அப்புறம்.

நான் ஜிம்மில் டிரெய்னர். என்னிடம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஒயிட்ஃபீல்டில் ஏதோ கம்பெனியில் மேனேஜர். ஒரு நாள் காலையில் ட்ரெட்மில்லில் நடந்துகொண்டே கேட்டார்.

"ப்ரோ, உங்களுக்குக் கபடி ஆளுங்க நெறைய தெரியும்ல? ஒரு இருபது பேரு வேணும். நல்லா முரட்டு ஆளுங்களா."

"எதுக்கு சார், நிலத் தகராறா?"

"அய்யோ, இல்லைங்க ப்ரோ. ரக்பி லீக் ஆரம்பிக்கிறோம். ஆறு சிட்டி, ஆறு டீம். பெங்களூரு டீம் நம்மளுது. ஆஸ்திரேலியால இருந்து கோச் வர்றாரு. லோக்கல் ஆளுங்களை எடுத்துக் குடுத்து கூட இருக்கறதுக்கு ஒருத்தர் வேணும். நீங்களே வாங்களேன்."

போனேன். கண்ணாடிக் கட்டடம். முதலாளி மும்பைக்காரர், ஆங்கிலம்தான். சுவரில் ஒரு வரைபடம் ஓடவிட்டு, எங்கள் பக்கம் முழுவதையும் மஞ்சளாகக் காட்டினார். இது விளையாட்டில் இன்னும் வளராத பகுதி, அதனால்தான் முதலில் இங்கே வருகிறோம், காலி மைதானத்தில் முதலில் கொடி நடுகிறவனுக்குத்தான் லாபம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அந்த மஞ்சளுக்குள்தான் பிறந்தேன், அதற்குள்தான் முழங்கால் உடைத்துக்கொண்டேன். காலி மைதானம் என்கிறாயே, நாங்கள் எல்லாம் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏசி நன்றாக இருந்தது. காபி நன்றாக இருந்தது. என்னை 'கோச்' என்று கூப்பிட்டார்கள்.

ஒரே ஒரு உருப்படியான கேள்வி கேட்டேன். இதில் ஆடிக் கிடைக்கும் சர்டிபிகேட் அரசு வேலைக் கோட்டாவில் செல்லுமா? முதலாளிக்குப் புரியவில்லை. கோயம்புத்தூர்க்காரர் அவர் காதில் விளக்கினார். முதலாளி சிரித்துக்கொண்டே கையை விரித்தார். பேச்சு நடக்கிறது, பட்டியலில் வந்துவிடும் என்று கோயம்புத்தூர்க்காரர் எனக்குச் சொன்னார். 'பேச்சு நடக்கிறது' என்பது என் காதில் விழவில்லை. 'வந்துவிடும்' என்பது மட்டும் விழுந்தது.

அன்று சாயங்காலம் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன்.

"லிஸ்ட்டுல வந்துடுமா, வந்துடுச்சா?" என்று கேட்டாள் தங்கை.

"வந்துடும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றது? எழுதிக் குடுத்தாங்களா?"

"எல்லாத்துக்கும் எழுதி வாங்குவாங்களா? மருந்து கடையில சீட்டு பார்த்துப் பார்த்து நீ இப்பிடி ஆயிட்டே."

"சீட்டு இல்லாம மருந்து குடுத்தா மாட்டிக்கிறது நானு. இதுல மாட்டிக்கப் போறது இன்னா நீயா? என் புருஷன்."

மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். "கபடி சர்டிபிகேட் எங்கியும் ஓடிப் போவாது. இதுவும் ஒண்ணு சேர்ந்துச்சுன்னா நல்லதுதான. மச்சான் கூட இருக்காரு" என்றான்.

மச்சான் கூட இருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியா என்று அவன் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அந்த மாதமே பெயிண்ட் கடையை விட்டான்.

சம்பளத்தை அவர்கள் ஒழுங்காகக் கொடுத்தார்கள். முட்டை, கோழி, ஷூ எல்லாம் கொடுத்தார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். கோச்சும் நல்ல மனிதர். தோல் வெந்து சிவந்து போய், தொப்பி போட்டுக்கொண்டு, ஹென்னூர் பக்கம் ஒரு வாடகை மைதானத்தில் காலை ஆறு மணிக்கே வந்து நிற்பார். ஆட்டத்தைப் பத்து நிமிடத்தில் விளக்கினார். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடு. எதிராளி உன்னைப் பிடித்து வீழ்த்தினால் அங்கேயே நின்றுவிடு. அவன் விடுவான். எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டி உன் ஆளுக்குக் கொடு. இப்படி ஐந்து தடவை பிடிபடலாம். அதற்குள் எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் புள்ளி. ஆறாவது தடவையும் பிடிபட்டால் பந்து அவர்களுக்கு.

மோதுவதும் பிடிப்பதும் எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் இருந்தது. கோச் வாயைப் பிளந்தார். ஆனால் ஒன்று மட்டும் வரவில்லை. பிடிபட்டால் நிற்பது. கபடிக்காரனுக்குப் பிடிபட்ட பிறகுதான் ஆட்டம் ஆரம்பிக்கிறது. இவர்களுக்கு அதோடு முடிகிறது. விழுந்த எங்கள் ஆட்கள் தவளை மாதிரி தத்தி, பாம்பு மாதிரி ஊர்ந்து, கையை நீட்டிக்கொண்டே போனார்கள். ரக்பி லீக்கில் அது குற்றம். பந்து வைத்திருக்கும் கை தரையில் பட்டு, பிடித்தவன் பிடியும் இறுகிவிட்டால், அதற்கு மேல் ஓர் அங்குலம் நகரக் கூடாது. மற்றவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் பழகிக்கொண்டார்கள். மாப்பிள்ளையால் முடியவில்லை. விசில் ஊதிய பிறகும் அவன் விரல் புல்லைப் பிறாண்டிக்கொண்டிருக்கும்.

"குரு, கோடு அங்க இல்ல, அல்சூர்ல இருக்கு, நீட்டு நீட்டு" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

தொடக்க விழா ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. புகை, விளக்கு, டிரம்ஸ். பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்து, இது ஹெல்மெட் போட்டு ஆடுவார்களே, அந்த அமெரிக்க ஆட்டமா என்று கேட்டார். இல்லை, ரக்பியில் இரண்டு வகை, இது பதின்மூன்று பேர் வகை என்று முதலாளி விளக்கினார். அந்த அறையில் அதைக் கேட்டவர் கோச் மட்டும்தான். எங்கள் ஆட்களை ஜெர்ஸி போட்டு வரிசையாக நிறுத்தினார்கள். மாப்பிள்ளை பந்தைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். தங்கையும் வந்திருந்தாள். அவள் போட்டோ எடுக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரரைத் தேடிப்போய் அந்தப் பட்டியல் என்னாச்சு என்று கேட்டாள். ப்ராசஸ்ல இருக்குதுங்க சிஸ்டர் என்றார் அவர்.

முதல் போட்டி ஹைதராபாத் டீமோடு. கடைசி நிமிடங்களில் நாங்கள் கொஞ்சம்தான் பின்தங்கியிருந்தோம். மாப்பிள்ளை பந்தோடு மூன்று பேரை இழுத்துக்கொண்டு ஓடினான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தான். விழுந்த இடத்தில் நின்றிருந்தால் எழுந்து பந்தை உருட்டியிருக்கலாம், இன்னொரு வாய்ப்பு இருந்தது. கை நீண்டது. பந்தைக் கோட்டுக்கு அப்பால் அழுத்தினான். எழுந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு, தொடையைத் தட்டினான். வந்திருந்த கொஞ்சம் கூட்டமும் கத்தியது. நடுவர் விசில் ஊதிப் பந்தை எதிராளிக்குக் கொடுத்தார். தோற்றோம்.

மறுநாள் அந்தக் காட்சியைக் கம்பெனியே இணையத்தில் போட்டது. அவன் தொடையைத் தட்டும் இடத்தில் ஆடு கத்தும் சத்தம் சேர்த்திருந்தார்கள். எல்லாப் போட்டியையும் விட அதைத்தான் ஜனம் பார்த்தது. ஆட்டம் பரவ இது நல்ல வழி என்று கோயம்புத்தூர்க்காரர் சந்தோஷப்பட்டார். கோச் மட்டும் என்னைத் தனியாக அழைத்தார். அடுத்த போட்டிக்குள் இது நிற்காவிட்டால் அவனை உட்காரவைக்க வேண்டியிருக்கும் என்றார். உட்கார்ந்தால் சர்டிபிகேட் கிடைக்காது. குறைந்தது பாதி போட்டியாவது ஆடியிருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள்.

அந்தக் கையை நிறுத்த என்னை விட்டால் ஆள் இல்லை. எத்தனையோ வருடம் பயிற்சியில் அவன் காலைப் பிடித்தவன் நான். கை கிளம்புவதற்கு முன்னால் அவன் இடது தோள் லேசாக இறங்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். தினமும் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு நாங்கள் இருவரும் நிற்போம். அவன் ஓடி வருவான். நான் பிடித்து வீழ்த்துவேன். தோள் இறங்கினால் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி. "நில்லு" என்று கத்துவேன். மறுபடி. மறுபடி. அவன் மணிக்கட்டு வீங்கியது. ஐஸ் வைத்துக் கட்டிவிட்டு மறுபடி.

"மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க மச்சான்."

"மாடா இருந்தா இந்நேரம் கத்துக்கினு இருக்கும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு நாள் வீழ்த்தியபோது தோள் இறங்கவில்லை. அப்படியே கட்டை மாதிரி கிடந்தான். நான் கையை எடுத்ததும் எழுந்து, பந்தை வைத்து, குதிகாலால் பின்னால் உருட்டினான். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? தங்கைக்கு போன் போட்டு, சரி பண்ணிட்டேன் என்று சொன்னேன்.

அதன் பிறகு அவன் நன்றாக ஆடினான். கோச் எல்லார் முன்னாலும் அவன் தோளில் தட்டினார். பாதிப் போட்டிக் கணக்கையும் தாண்டிவிட்டான். பிறகு ஒரு திங்கட்கிழமை மைதானத்தின் கேட் பூட்டியிருந்தது. முதலீடு போட்டவர்கள் விலகிவிட்டார்கள், டிவிக்காரர்களும் விலகிவிட்டார்கள், லீக் 'இடைநிறுத்தம்' என்று ஒரு மெயில் வந்தது. கோச் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று எங்கள் எல்லாரிடமும் கை குலுக்கிவிட்டுப் போனார். அவருக்கே முந்தின நாள்தான் தெரியுமாம். சர்டிபிகேட் மட்டும் கூரியரில் வந்தது. கெட்டியான காகிதம், தங்க நிற ஓரம், முதலாளியின் கையெழுத்து. அந்த மனுஷன் எங்கள் மைதானத்தை ஒரு நாள்கூட வந்து பார்த்ததில்லை.

பெயிண்ட் கடையில் வேறு ஆள் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் இருந்தான். அவனுடைய கடைசிப் பிறந்தநாளுக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவாக இருந்தபோது, வருமா வராதா என்று இருந்த அறிவிப்பு வந்தது. ஓர் அரசுத் துறை, விளையாட்டுக் கோட்டா. எந்தெந்த விளையாட்டு என்ற பட்டியலை நானே மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்தேன். செஸ் இருந்தது. கபடி இருந்தது. ரக்பி லீக் இல்லை. கோயம்புத்தூர்க்காரருக்கு போன் செய்தேன். எடுத்தார். அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாராம். "அது அப்பவே கஷ்டம்னு தெரியுங்க ப்ரோ, நான் உங்ககிட்ட கிளியரா சொல்லியிருந்தேனே" என்றார். இரண்டு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

"சரி விடுங்க மச்சான். பழைய சர்டிபிகேட் இன்னும் செல்லுது. கபடியில போறேன்" என்றான் மாப்பிள்ளை.

பழைய டீம் ஆட்களைக் கூட்டிப் பயிற்சி ஆரம்பித்தோம். அங்கேதான் ஏமாந்தோம். ஒரு வருடம் முட்டையும் கோழியும் தின்று, இரும்பு தூக்கி, முரட்டு ஆட்களை மோதித் தள்ளியவன் அவன். எங்கள் ஆட்களால் அவனைப் பிடிக்கவே முடியவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் தொட்டுவிட்டு நடந்து திரும்பினான். அவனைத் தினமும் வீழ்த்தியதில் என் பழைய முழங்கால் வலி திரும்பிவிட்டதால் நானும் இறங்கவில்லை. பார்த்துப் பார்த்துப் பூரித்தோம். பிடிபட்டால் என்ன செய்வான் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

தேர்வு நகரின் நடுவில் ஓர் உள்ளரங்கில் நடந்தது. நான் மேலே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். தேர்வாளர்கள் மூன்று பேர், ஒரு மேஜை. முதல் இரண்டு தடவை பாடிப் போய்த் தொட்டுவிட்டு வந்தான். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அவனைக் காட்டி ஏதோ சொன்னார். மூன்றாவது தடவை எதிர்ப் பக்கத்தில் நின்ற ஒருவன், நல்ல ஆள், கணுக்காலைப் பிடித்தான். இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான். மாப்பிள்ளை முன்னால் விழுந்தான். நடுக்கோடு அவன் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு சாண். அவன் அந்தக் காலத்தில் தூக்கத்தில் தொட்டிருப்பான்.

தோள் இறங்கவில்லை. கட்டை மாதிரி கிடந்தான். பிடித்தவர்களே ஆச்சரியப்பட்டுக் கையை எடுத்தார்கள். அவன் எழுந்தான். எழுந்து, இல்லாத பந்தைக் குனிந்து கீழே வைத்து, வலது குதிகாலால் பின்னால் உருட்டினான்.

அரங்கமே சிரித்தது. மேஜையில் இருந்த ஒருவர் கன்னடத்தில் கேட்டார்.

"இதேனு குரு, டான்ஸா?"

மாப்பிள்ளை என்ன செய்தோம் என்றே புரியாமல் அவரைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். கோட்டை அவனே விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். மறுபடியும் பிடித்தார்கள். இந்த முறை பந்தை உருட்டவில்லை. ஆனால் கை போகவில்லை. அவன் முகத்தை நான் பார்த்தேன். கையைப் போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அது அடிக்குப் பயந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மேஜையில் குனிந்து எழுதினார்கள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"வேணா மச்சான். நீங்க இப்ப மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சா நான் உங்களை அடிச்சுடுவேன். அப்புறம் உங்க தங்கச்சி என்னை அடிப்பா" என்றான்.

தேர்வானவர்கள் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை.

பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதோடு வயது வரம்பு முடிந்தது. என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். தங்கை கதவைத் திறந்தாள்.

"உள்ள வா. சாப்ட்டுட்டுப் போ. பேசாத."

சாப்பிட்டேன். பேசவில்லை. மட்டன் நன்றாக வெந்திருந்தது. மூன்று பேரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது என் போனும் அவன் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. பழைய டீம் குரூப். யாரோ புது முதலீட்டாளர் வந்திருக்கிறாராம். லீக்கை மறுபடி தொடங்கப் போகிறார்களாம், இந்த முறை எட்டு நகரமாம். விருப்பம் உள்ளவர்கள் இன்றைக்குள் பதில் போட வேண்டும்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மாப்பிள்ளை இடது கையால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்றே?" என்றேன். பேசக் கூடாது என்று சொன்னதை மறந்துவிட்டேன்.

"ஓகேன்னு போட்டேன்."

"மூளை கீளை இருக்குதாடா உனக்கு?"

"கபடி போயிடுச்சு. கவர்மெண்ட் போயிடுச்சு. பெயிண்ட் கடை போயிடுச்சு. புடிச்சா நிக்கணும், அது ஒண்ணுதான் எனக்கு இப்ப நல்லா தெரியுது. வேற எங்க போறது சொல்லுங்க."

என் தங்கை அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து சட்டியில் மிச்சம் இருந்ததை அவன் தட்டில் பாதியும் என் தட்டில் பாதியும் கொட்டினாள்.

"ரெண்டு பேரும் தின்னுட்டுப் போய்ச் சேருங்க. போறப்ப தட்டைக் கழுவி வெச்சிட்டுப் போங்க."